பெரிய வியாழனுக்கு முன்

ஏப்ரல் 9, புதன் இரவு

எழில்,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் உனக்கு எழுதுவது தெரிந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அது தெரியாததுதான் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் பயிற்சி முகாம் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினோமே, நீ மதகைத் தாண்டித் தெற்குத் தெருவுக்குப் போனாய், நான் வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய போன். பக்கத்தில் பெரியப்பா மகன் சூர்யபிரகாஷ் அண்ணன். போனில் நம் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் சிஸ்டர் எல்லாரையும் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவச் சொன்னார்கள் அல்லவா? நான் உன் பாதத்தைக் கழுவியதை யாரோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள். அழகாக இருந்தது என்று நான்தான் ஸ்டேட்டஸில் வைத்தேன். "வேண்டாம்டி, உங்க தெருவுல பாப்பாங்க" என்று நீ பஸ்ஸிலேயே சொன்னாய். நான் கேட்கவில்லை. மாணவர் தலைவி என்று கழுத்தில் அட்டை மாட்டியிருந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

"நம்ம வீட்டுப் பொண்ணு குனிஞ்சு காலக் கழுவுறா. அது உக்காந்துகிட்டு இளிக்குது பாருங்க சித்தப்பா" என்றான் அண்ணன்.

"அவ இளிக்கலண்ணே. அவளுக்கு உள்ளங்கால் கூசும்" என்றேன்.

"கூசுமாம்ல! மகாராணிக்கு!"

அப்பா அடிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டார். "இனிமே பூசைக்கு மட்டும் போனாப் போதும். கூட்டம், கீட்டம், இயக்கம் ஒண்ணும் வேணாம்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அவருக்கு இன்னும் ஒன்று தெரியாது. பெரிய வியாழன் அன்று கோயிலில் ஃபாதர் சீடர்களாக உட்காரவைத்துப் பாதம் கழுவ வேண்டிய பன்னிரண்டு பேரை இந்த வருஷம் நம் மாணவர் இயக்கமே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஃபாதர் சொன்னதும், நாம் தெருவுக்கு ஆறு பேர் என்று எழுதிக் கொடுத்ததும், என் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உன் அப்பா உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்பட்டுச் சொன்னதும். எத்தனையோ வருஷமாக எங்கள் தெருவிலிருந்து மட்டும்தான் பன்னிரண்டு பேரும். முதல் நாற்காலி திருவிழாக் கமிட்டித் தலைவருக்கு, அதாவது அப்பாவுக்கு. வருகிற குருத்து ஞாயிறு பூசையில் ஃபாதர் பெயர்களை வாசிப்பார். அன்றைக்கு அப்பா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

மதகடித் தையற்கடை மாலதி அக்கா ஈஸ்டருக்குத் தைக்க ரவிக்கை வாங்கிப்போக வருகிறாள். அம்மாவின் அளவு ரவிக்கைக்குள் இதை மடித்து வைக்கிறேன். அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். பதில் எழுதினால் அதேபோல் வை.

ஜெசிந்தா


ஏப்ரல் 10, வியாழன்

ஜெசி,

அடுப்பில் போடவில்லை. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. உன் கடிதத்தைக் கொளுத்தினால் அம்மா என்ன வாடை என்று கேட்பாள். அரிசித் தூக்கில் அடியில் போட்டிருக்கிறேன். யாரும் பார்க்கமாட்டார்கள்.

மாலதி அக்கா சிரித்துக்கொண்டே கொடுத்தாள். "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வாய்க்காதான் கெடக்கு. அதுக்கு நான் தபால்காரியா?" என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பாத்துடி, எனக்கு ரெண்டு தெரு சட்டையும் வேணும்" என்றாள். அதனால் அவளையும் நினைத்து எழுது.

எனக்குக் கூசியதுதான். நீ முதலில் விரல்களைத் தொட்டபோது ஒன்றும் இல்லை. உள்ளங்காலில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாயே, அங்கேதான் தாங்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு உங்கள் தெருவில் இப்படி ஓடும் என்று நினைக்கவில்லை. இங்கேயும் எல்லாரும் பார்த்தார்கள். எங்கள் தெருவில் ஒரு கிழவி, "அந்தப் பொண்ணு நல்லாத்தான் தேய்க்குது, நம்ம வீட்டுல பத்துப் பாத்திரம் தேய்க்க விடலாம்" என்றாள். உன்னைத்தான். கோபப்படாதே.

அப்பாவிடம் ஃபாதர் வந்து சொல்லிவிட்டார். "சாமிதுரை, பெரிய வியாழன் வந்து ஒக்காரணும்." அப்பா சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிய காலத்தில்கூட இப்படி மிரண்டதில்லையாம். அன்றைக்கே வெந்நீர் வைத்து, வாசலில் உட்கார்ந்து, குதிகால் வெடிப்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, இன்னும் ஒரு வாரம் கெடக்கு" என்றாள் அம்மா. "ஒரு வாரத்துல போற வெடிப்பாடி இது?" என்றார்.

நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே. முகாமில் சுவரில் ஒட்டியிருந்த மூன்று அட்டை ஞாபகம் இருக்கிறதா? பார், சிந்தி, செயல்படு. முதல் அட்டையையாவது செய்.

எழில்மொழி


ஏப்ரல் 12, சனி இரவு

எழில்,

யாரிடமும் காட்டாதே. தூக்கில் வைக்காதே, தயவுசெய்து. கிழித்து வாய்க்காலில் போடு. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, மறந்துவிட்டேன். எங்கேயாவது புதை.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஃபாதர் உன் அப்பாவிடம் சொன்னதை யாரோ டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் வந்தார். சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அந்த நாற்காலி யோசனை யாருது?"

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சாமிதுரை மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நல்ல மனுசன். ஆனா நாளைக்கு நான் தெருவுல நடக்கணும்ல? என் பக்கத்துல அவரு, ரெண்டு பேரு காலையும் ஒரே தட்டுல. எங்கப்பாரு ஒக்காந்த எடம்மா அது."

சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கெஞ்சுவதுபோலச் சொன்னார். பிறகு, ஈஸ்டர் முடிந்ததும் என்னைச் சீர்காழியில் அத்தை வீட்டில் விடுவதாகச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு அங்கேதானாம்.

அதனால் கேட்கிறேன். கோபப்படாமல் படி. இந்த ஒரு வருஷம் மட்டும் உன் அப்பாவை உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லச் சொல்லேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நான் அடுத்த வருஷம் இங்கே இருக்கமாட்டேன் என்றாலும் நீ இருப்பாய். சூர்யபிரகாஷ் அண்ணன் இரண்டு நாளாக வீட்டிலேயே இருக்கிறான். அவனுடைய கூட்டாளிகள் பைக்குகளில் வருகிறார்கள், போகிறார்கள். நான் மாடியில் இருக்கிறேன். பைக் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். அவர்கள் பேசுவது கேட்கவில்லை. சிரிப்பது மட்டும் கேட்கிறது.

அம்மாதான் சாப்பாட்டை மாடிக்குக் கொண்டுவருகிறாள். வளையலால் கதவில் ஒரே ஒரு தடவை தட்டுவாள். அந்தச் சத்தம் வந்தால் மட்டும்தான் திறக்கிறேன்.

ஜெசி


ஏப்ரல் 14, திங்கள்

ஜெசிந்தா,

நேற்றுக் குருத்து ஞாயிறு பூசையில் நீ பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாய். ஃபாதர் பெயர்களை வாசித்தார், உன் அப்பாவிலிருந்து. "குணசேகரன். சாமிதுரை." அடுத்த பெயர் வாசிப்பதற்குள் உங்கள் தெரு ஆண்கள் குருத்தோலையைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு எழுந்து போனார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இரவே எங்கள் உளுந்து வயலில் மாடுகளை விட்டுவிட்டார்கள். அப்பா சிங்கப்பூர்ச் சம்பளத்தில் வாங்கிய வயல். காய் கறுத்துவிட்டது, ஈஸ்டர் முடிந்ததும் பிடுங்க ஆள் சொல்லியிருந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் தரை மட்டும்தான் இருக்கிறது. மேய்ந்தது பாதி, மிதித்தது பாதி. அம்மா வரப்பில் உட்கார்ந்து உதிர்ந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இதப் பொறுக்கி என்னம்மா பண்ணப் போற?" என்றேன். "கைய சும்மா வச்சிருக்க முடியலடி" என்றாள்.

ஸ்டேஷனில், "மாடு மேஞ்சதுக்கு யாரு மேல கேஸ் போடுறது? மாடு மேலயா?" என்று கேட்டார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஃபாதர் வயலுக்கே வந்தார். புதியவர், பாவம், செருப்பில்லாமல் வரப்பில் நடக்கத் தெரியவில்லை. "சாமிதுரை, இந்த வருஷம் விட்டுடலாமா?" என்றார். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஃபாதர், நானா வந்து எங்காலக் கழுவுங்கன்னு கேக்கல. நீங்க கூப்பிட்டீங்க. வேண்டாம்னா, பேரு வாசிச்ச எடத்துலயே நின்னு வேண்டாம்னு வாசிங்க." ஃபாதர் அப்பா தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். வியாழக்கிழமை நடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல வேண்டுமாம். நாலைந்து நாளாகக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் போய் நான் இதைச் சொல்ல வேண்டும், இல்லையா? முகாமில் என் பாதத்தைக் கழுவியபோது நீ அழுதாய். நான் அதை நிஜம் என்று நம்பினேன். வீடியோவுக்குத்தானா அது?

இனி எழுதாதே. ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்து மாலதி அக்காவுக்கும் சலித்துவிட்டது.

எழில்மொழி


ஏப்ரல் 15, செவ்வாய் இரவு

எழில்,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படி. பிறகு என்னோடு பேசாதே, பரவாயில்லை. யாரிடமும் காட்டாதே, யார் எழுதியது என்றும் சொல்லாதே. உன் அப்பாவை மட்டும் காப்பாற்று.

வீடியோவுக்காக அழவில்லை. உன் வலது குதிகாலில் ஒரு தழும்பு இருந்தது. என்ன என்று கேட்டேன். சின்ன வயதில் அம்மாவோடு உங்கள் களத்துமேட்டுக்கு வேலைக்கு வந்தபோது குத்திய கண்ணாடி என்றாய். உங்கள் களம் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். அதற்காகத்தான் அழுதேன். சொல்லத் தெரியவில்லை, அதனால் அன்று சொல்லவில்லை.

உளுந்து விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இப்போது கேள். என் ஜன்னலுக்குக் கீழே கொல்லைப்புறம், வைக்கோல் போர், அதைத் தாண்டி வாய்க்கால். இன்று சாயங்காலம் போருக்குப் பக்கத்தில் சில பேர் நின்று பேசினார்கள். நான் விளக்கைப் போடாமல் இருந்தேன்.

"பூசை முடிஞ்சு எல்லாம் மதகு வழியாத்தான திரும்பணும்."

"மதகுகிட்ட ஒரு லைட்டுதான் இருக்கு."

"ட்ரான்ஸ்பார்மர்ல பீஸப் புடுங்கிட்டா அதுவும் இல்ல."

"மத்தவன் யாரையும் தொட வேணாம். அவரு ஒருத்தரு போதும். காலத்தான நீட்டப் போறாரு? அந்தக் கால அப்பறம் ஊனாம பண்ணிடுவோம்."

அதற்குச் சிரித்தார்கள்.

விளக்கைப் போடாமலே எழுதுகிறேன், எழுத்துப் புரிகிறதா தெரியவில்லை. வியாழக்கிழமை அவரைக் கோயிலுக்கே அனுப்பாதே. அல்லது வேறு வழியாகக் கூட்டிப் போ. யார் பேசினார்கள் என்று கேட்காதே. என்னால் எழுத முடியாது.

ஜெ.


ஏப்ரல் 16, புதன் காலை

ஜெசி,

அந்தத் தழும்பைப் பற்றி நான் மறந்தே போயிருந்தேன். திங்கட்கிழமை எழுதியதற்கு மன்னித்துக்கொள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், இப்போது நேரமில்லை.

அப்பாவிடம் உன் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். "வாயி பெருசா பேசுவானுங்க. செய்ய மாட்டானுங்க" என்றார். அவர் வேறு வழியாகப் போனாலும் தெருவே மதகு வழியாகத்தான் வர வேண்டும். இருட்டில் அவர் இல்லையென்றால் யாரையாவது அடிப்பார்கள். என் தம்பியும் அப்பா உயரம்தான்.

அதனால் முகாமில் நமக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த வக்கீல் அனுராதா மேடத்துக்குப் போன் செய்தேன். நாளை விடிந்ததும் தஞ்சாவூரில் பெரிய அதிகாரியைப் பார்த்து, மதகடியில் போலீஸ் நிற்க ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். ஆனால் ஒன்று சொன்னார்கள். "யாரோ பேசினாங்க, யாரோ கேட்டாங்கன்னா ஒரு ஏட்டுகூட எந்திரிக்க மாட்டாரு. கேட்டவங்க கையெழுத்துப் போட்டுப் பேரோட எழுதணும்."

நீ சில பேர் என்று எழுதியிருக்கிறாய். உன் கொல்லையில் உன் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற சில பேர் யார் என்று எனக்குத் தெரியும் ஜெசி. ஆனால் நான் சொன்னால் அது என் கோபம் என்பார்கள். நீ சொன்னால்தான் செல்லும்.

நீ சீர்காழிக்குப் போக வேண்டியிருக்கும். இன்னும் என்னென்ன நடக்கும் என்று தெரியாது. நான் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதினால் அது பொய். கட்டாயப்படுத்துகிறேன்.

மாலதி அக்கா இன்றோடு கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போகிறாள். அதனால் நானே வருகிறேன். இன்று இரவு எல்லாரும் படுத்த பிறகு வாய்க்காலுக்குள் நடந்தே வந்து வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடு. போடவில்லையென்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உன்னைத் திட்டமாட்டேன்.

உங்கள் கொல்லைக்கு இரவில் வருவதை நினைத்தால் எனக்கும் பயமாக இருக்கிறது. இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

எழில்


ஏப்ரல் 16, புதன் இரவு

எழில்,

இதை எல்லாரிடமும் காட்டு. அனுராதா மேடத்திடம், ஃபாதரிடம், அந்த அதிகாரியிடம், உன் அப்பாவிடம். தூக்கில் மறைத்து வைக்காதே.

என் பெயர் கு. ஜெசிந்தா. மேலத்தெரு குணசேகரன் மகள். பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறேன். மாணவர் இயக்கத்தில் எங்கள் கோயில் பங்கின் தலைவிகள் இரண்டு பேரில் நான் ஒருத்தி.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொல்லையில் என் பெரியப்பா மகன் சூர்யபிரகாஷும் அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் பேசியதை நான் என் காதால் கேட்டேன். நாளை பெரிய வியாழன் பூசை முடிந்து தெற்குத் தெரு ஆட்கள் திரும்பும்போது ட்ரான்ஸ்பார்மரில் பீஸைப் பிடுங்கி, மதகடியில் இருட்டாக்கி, சாமிதுரை அவர்களின் காலை உடைப்பதாகப் பேசினார்கள். பீஸைப் பிடுங்குவது சூர்யபிரகாஷ். மற்ற மூன்று பேரின் பெயர் எனக்குத் தெரியாது, முகம் தெரியும். கேட்டால் அடையாளம் காட்டுவேன்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. நேற்று உனக்கு எழுதும்போது விட்டுவிட்டேன். இதை எழுதுவதற்கு இவ்வளவு நேரம் ஆனது. நீ வெளியே கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறாய், எனக்குத் தெரியும். போருக்குப் பின்னால் உன் தாவணி வெள்ளையாகத் தெரிகிறது. கறுப்பாக ஏதாவது போட்டு வந்திருக்கக் கூடாதா?

என் அப்பாவும் அங்கே நின்றார். அவர் யோசனை சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார். "பூசை எத்தனை மணிக்கு முடியும்?" பிறகு உள்ளே போய்விட்டார்.

அவர் கெட்டவர் இல்லை எழில். எனக்குக் காய்ச்சல் வந்தபோது திருக்காட்டுப்பள்ளி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டே ஓடியவர். ஆனாலும் அப்படித்தான் கேட்டார். இதை வக்கீல் மேடத்திடம் காட்டும்போது இந்தப் பகுதியை மடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். மடிக்காதே.

நாளை உன் அப்பா நாற்காலியில் உட்காரட்டும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் அதைப் பார்த்து அவர் வருத்தப்பட வேண்டாம் என்று சொல். என்னைக் கேட்டிருந்தால் நானே

கீழே படியில் யாரோ ஏறி வருகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டேன். நிலா வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறேன்.

கு. ஜெசிந்தா

கதவைத் தட்டுகிறார்கள். வளையல் சத்தம் இல்லை. ஒரு தடவை இல்லை, தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். போட்டுவிடுகிறேன். எடுத்துக்கொண்டு ஓடு எழில், திரும்பிப் பார்க்காதே, ஓடு